எட்டு முட்டி, இரண்டு நிற மணி: பிறப்புரிமை நகர்வைக் கையால் ஓட்டிப் பார்த்தல்

உயர்தர உயிரியலில் கூர்ப்புப் பாடம் வரும்போது ஹாடி–வைன்பேர்க் சமநிலையும் (வெளி விசை எதுவும் இல்லாத பெருங்குடித்தொகையில் பரம்பரையலகு வடிவங்களின் பங்கு மாறாதென்ற விதி) பிறப்புரிமை நகர்வும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். சமன்பாடு மனப்பாடமாகும். எதிருரு என்பது ஒரு பரம்பரையலகின் மாற்று வடிவம்; அதன் மீடிறன், அதாவது குடித்தொகையில் அதன் பங்கு, காரணமே இல்லாமல் சந்ததிக்குச் சந்ததி ஏறி இறங்குவதைக் கண்ணால் கண்டவர் குறைவு. அதைக் காட்ட வழக்கமாக ஒரு சட்டியில் இரண்டு வகை விதையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். செய்முறை நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் பிழையான விடையையே தரும். ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு, சட்டி சரியாகக் கலக்கவில்லை, எடுத்ததைத் திருப்பிப் போடவில்லை. இந்தப் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் குடித்தொகைப் பிறப்புரிமையியலில் ஒரு பெயர் இருக்கிறது. அதனால் எட்டு மண்முட்டியும் இரண்டு நிற மணியும் கொண்ட இந்தப் பெட்டியைப் பிழையில்லாமல் செய்து முடிப்பதே பாடத்தின் முக்கால்வாசி.

ஒரு மணி ஓர் எதிருரு, ஒரு முட்டி ஒரு குடித்தொகை. முதலில் மணி. சமையலறையில் கிடைக்கும் சோடிகளில் கடலையும் பயறும் ஆகவே ஆகாது. குலுக்கக் குலுக்கப் பெரியது மேலே வரும், சிறியது அடியில் இறங்கும். கை மேலே கிடப்பதைத்தான் எடுக்கும். கடலை சில சந்ததியில் முட்டியை நிறைத்துவிடும். அது நகர்வல்ல, இயற்கைத் தேர்வு. பயறும் உளுந்தும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும். மாரியில் வைத்தால் வண்டும் குத்தும். இரண்டையும் ஒரே அளவில் குத்தாது. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. ஓடு உடைந்த மணி ஒன்று சிறுபிள்ளை வாயில் போனாலே ஆபத்து. பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

புளியங்கொட்டை செலவில்லாதது, ஒரு நிபந்தனையோடு சரிவரும். தாயக்கட்டைக்குச் செய்வதுபோல ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினால் விரல் அந்தச் சொரசொரப்பைக் கண்டுபிடித்துவிடும். தேய்க்காமல் எல்லாக் கொட்டைக்கும் மாக்கர் பேனையால் பொட்டு வையுங்கள்: பாதிக்குச் சிவப்பு, பாதிக்கு வெள்ளை. ஒரு வகைக்கு மட்டும் பொட்டு வைத்தால் மை பிடித்த கொட்டை வழுக்கும் விதம் மாறும். கொட்டைகள் தமக்குள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் பரவாயில்லை. அந்த வேறுபாடு நிறத்தோடு சேர்ந்து வந்தால்தான் கேடு. அதனால் கொட்டைகளை முதலில் ஒன்றாகக் கலந்து, குருட்டுவாக்கில் இரண்டாகப் பிரித்து, பிறகு பொட்டு வைக்க வேண்டும். நல்ல கொட்டையாகப் பொறுக்கி ஒரு நிறத்துக்கும் மிச்சத்தை மற்றதுக்கும் வைத்தால் வேலை கெட்டது.

காசு கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் 8 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் மணி மேல். அச்சிலேயே நிறம் ஏறியதாக இருக்கட்டும். மேலே வர்ணம் பூசியது வியர்வைக் கையில் ஒட்டும். ஒரே கடையில் ஒரே வகையில் இரண்டு நிறம் வாங்கினாலும் அளவு ஒன்றென்று நம்பக்கூடாது. சிவப்பு 50, வெள்ளை 50 எடுத்துத் தனித்தனிக் கம்பியில் இறுக்கிக் கோத்து அடிமட்டத்தில் வையுங்கள். இரண்டும் 400 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். வித்தியாசம் 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒரு மணிக்கு 0.1 மில்லிமீற்றர் பிழை. மாற்றிக்கொண்டு வருவது நல்லது. சமையலறைத் தராசில் 100 மணி 25 முதல் 30 கிராம் வரை நிற்கும். இரு நிறத்துக்கும் இடையே 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதுவும் கூடாது. வார்ப்புப் பிசிறு உள்ள மணிகளை இரண்டு நிறத்திலும் கழித்துவிடுங்கள்.

எட்டு முட்டிக்கு நிறத்துக்கு 800, மொத்தம் 1600 மணி. அரைக் கிலோவுக்குள் அடங்கும். முட்டி ஒவ்வொன்றுக்கும் மேலதிக மணி வைக்க இரண்டு பால்மாப் பேணி.

மண்முட்டி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உருண்டை அடியில் மணி மூலைக்குள் ஒளிய முடியாது. உள்ளே இருப்பதும் தெரியாது. வாய் 10 முதல் 12 சென்ரிமீற்றர் இருந்தால் கை தாராளமாக நுழையும். அடிக்குத் திருகணை. வாயில் பழைய சாரத் துண்டொன்றைக் கட்டி, கை போகுமளவு கீறிவிடுங்கள். எடுப்பவர் கண்ணை மூடினாலும், வெள்ளை குறைந்துகொண்டு வருகிறதென்று தெரிந்தால் அதைக் காப்பாற்றத் துழாவுவார், மனுசக் குணம். எடுப்பவர் ஒருவர், கொப்பியில் எழுதுபவர் இன்னொருவர். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

முட்டிக்குள் 100 மணி: சிவப்பு 50, வெள்ளை 50. ஒவ்வொரு சந்ததிக்கும் 20 எடுப்பு, அதாவது இருமடிய உயிரிகள் (ஒவ்வொன்றிலும் இரண்டு எதிருரு) 10. மொத்த மணி எப்போதும் எடுப்பு எண்ணிக்கையின் மடங்காக இருக்க வேண்டும். 20 எடுப்பில் சிவப்பு 11 வந்தால் மீடிறன் 0.55, அடுத்த சந்ததிக்கு முட்டியில் சிவப்பு 55, வெள்ளை 45. கணக்குச் சுத்தம். எடுப்பை 16 ஆக்கி முட்டியில் 100 வைத்தால் ஒவ்வொரு எடுப்புக்கும் 6.25 மணி, முழுமையாக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பொய் சேரும். 16 எடுப்புக்கு 80 அல்லது 160 வையுங்கள்.

ஓட்டத்தைத் தொடங்க முன் முட்டியைச் சோதிக்க வேண்டும். பாதிக்குப் பாதி இருக்கும் முட்டியில் 200 தடவை எடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, சிவப்பை எண்ணுங்கள். எதிர்பார்ப்பு 100, நியம விலகல் 7.07. எனவே 87 முதல் 113 வரை வந்தால் விட்டுவிடலாம். 118 வந்தால் கைவர்க்கப் பெறுமானம் (எதிர்பார்ப்பிலிருந்து விலகியதன் அளவு) 6.48; தற்செயல் என்று விடக்கூடிய எல்லையான 3.84 ஐத் தாண்டிவிட்டது. அந்த முட்டியில் கை எதையோ தெரிவுசெய்கிறது. பெரும்பாலும் மணி அளவு, இல்லாவிட்டால் கலக்கல்.

இந்தச் சோதனை தேறினால் சாய்வே இல்லை என்று ஆகிவிடாது. சின்னச் சாய்வு இதில் பிடிபடாது. சிவப்புக்கு 2 சதவீத அனுகூலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 200 எடுப்பில் எதிர்பார்ப்பு 101. நியம விலகல் 7 இருக்கும் இடத்தில் அந்த ஒன்றை யார் காண்பது? பரவாயில்லை, 20 எடுப்பு முட்டியும் அதை அவ்வளவாகக் காணாது: பாதியில் தொடங்கிய சிவப்பு கடைசியில் முட்டியை முழுதாகப் பிடிக்கும் நிகழ்தகவு 0.5 இலிருந்து 0.6 அளவுக்குத்தான் ஏறும். அதே மணிகளோடு சந்ததிக்கு 200 எடுத்தால் நிகழ்தகவு 0.98. மணியும் ஒன்று, கையும் ஒன்று, குடித்தொகையின் அளவு மட்டுமே வேறு. தேர்வின் வலு, எடுப்பு எண்ணிக்கையின் தலைகீழ்ப் பெறுமானத்தைவிடக் குறைந்தால் அந்த எதிருரு நடுநிலையானது போலவே நடந்துகொள்ளும். 20 எடுப்பில் அந்த எல்லை 5 சதவீதம். மோட்டூ கிமுரா 1968 இல் முன்வைத்த நடுநிலைக் கொள்கையையும் (மூலக்கூற்று மாற்றங்களில் பெரும்பாலானவை தேர்வால் அல்ல, நகர்வால் பரவுகின்றன என்பது), டொமோக்கோ ஓட்டா 1973 இல் அதை ‘கிட்டத்தட்ட நடுநிலை’ விகாரங்களுக்கு விரித்ததையும் விளங்கிக்கொள்ள இதைவிட லேசான வழி தெரியவில்லை. நேரம் உள்ளவர்கள் ஒரு முட்டியை 200 எடுப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கை வலிக்கும்.

இனி எடுப்பு முறை. ஒன்று எடுத்து, காட்டி, எழுதி, திருப்பிப் போட்டு, முட்டியை உருட்டிக் குலுக்கி, அடுத்தது. இப்படி 20. நேரம் மிச்சம் பிடிக்க 20 மணியை ஒரே பிடியில் அள்ளினால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். அள்ளினால் மாறற்றிறன் (சிதறலின் அளவு) குறையும். 100 இலிருந்து திருப்பிப் போடாமல் 20 எடுக்கும்போது மாறற்றிறன் 80/99 மடங்காகிறது. நகர்வு 20 எடுப்பினதாக இல்லாமல் ஏறக்குறைய 25 எடுப்பினதாக மெலிகிறது. முட்டியில் 20 மணியே வைத்து இருபதையும் அள்ளினால் மீடிறன் அசையவே அசையாது; முடிவிலிக் குடித்தொகை கையில் கிடைத்த மாதிரி. திருப்பிப் போடுவது ஏன் என்றால், ஒரு தாய் தகப்பனின் எதிருரு பல பிள்ளைகளுக்குப் போகலாம், ஒருவருக்கும் போகாமலும் விடலாம். நகர்வின் ஊற்றே அந்த ஏற்றத்தாழ்வுதான். சூவல் ரைற்றும் ரொனால்ட் பிஷரும் கட்டிய மாதிரியுரு இதுவே.

கொப்பியில் ஒரு முட்டியின் நிரல் இப்படி இருக்கும், சந்ததிக்குச் சந்ததி சிவப்பின் எண்ணிக்கை: 10, 12, 11, 8, 9, 6, 5, 5, 3, 4, 2, 1, 0. பூச்சியம் வந்தபின் கோடு கிழித்துவிடலாம். விகாரமோ குடிவரவோ இல்லாமல் சிவப்பு திரும்பாது. 6, 5, 5, 3 என்று இறங்குவதைப் பார்த்தவுடன் சிவப்புக்கு ஏதோ குறை என்று தோன்றும். இல்லை. 6 இல் நிற்கும் முட்டிக்கு 10 க்குத் திரும்பும் ஞாபகம் கிடையாது. அது 6 இலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. சமநிலைக்கு இழுத்து வரும் விசை இங்கே எதுவும் இல்லை என்பதைத்தான் மாணவர் கடைசிவரை நம்ப மறுப்பார்கள்.

ஒரு சந்ததிக்கு இரண்டு மூன்று நிமிடம் போகும். எட்டு முட்டியையும் எட்டுச் சோடிகள் ஒரே நேரத்தில் ஓட்டினால் 20 சந்ததி இரண்டு பாடவேளைக்குள் முடியும். 20 ஆம் சந்ததியில் எட்டில் மூன்று அல்லது நான்கு முட்டி ஒரே நிறமாகியிருப்பது எதிர்பார்ப்பு. ஒன்று ஆனாலும் ஐந்து ஆனாலும் பதறத் தேவையில்லை. எதிருரு ஒன்று நிலைபெறவோ தொலையவோ சராசரியாக 28 சந்ததி எடுக்கும்.

அளக்க வேண்டியவை இரண்டு. எட்டு முட்டியின் சிவப்பு மீடிறனுக்குச் சராசரி எடுத்தால் 0.5 ஐச் சுற்றி நிற்க வேண்டும், ஆனால் 20 ஆம் சந்ததியில் அந்தச் சராசரியின் நியம வழு 0.14 அளவு. எனவே 0.62 வந்ததென்று மணியைப் பழி சொல்லக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு முட்டிக்கும் 2 × சிவப்பு மீடிறன் × வெள்ளை மீடிறன் கண்டு சராசரி எடுங்கள்; பன்மையின் அளவு இதுவே. இது தொடக்கத்தில் 0.5, ஒவ்வொரு சந்ததியும் 1/20 பங்கு குறைந்து, 20 ஆம் சந்ததியில் 0.18 க்குக் கிட்ட வரும். தனி முட்டி எந்தத் திசையில் போகுமென்று யாராலும் சொல்ல முடியாது. முட்டிகளின் கூட்டம் எந்த வேகத்தில் பன்மையை இழக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம்.

இதை உயிருள்ள பூச்சியில் செய்து காட்டியவர் பீற்றர் புரி. 1956 இல் வெளியான அவருடைய பரிசோதனையில் 107 பழ ஈக் குடித்தொகைகள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண், தொடக்க மீடிறன் 0.5. 19 சந்ததியில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே எதிருருவில் நிலைபெற்றுவிட்டன. 16 ஈக்களும் சமமாகப் பங்களித்திருந்தால் அவ்வளவு வேகம் வராது. தலை எண்ணினால் 16, இனப்பெருக்கக் கணக்கில் அதைவிடக் குறைவு. ஈ வளர்த்து இதைச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: டிரோசோபிலா மெலனோகாஸ்ரர் 25 பாகை செல்சியசில் பத்து நாளில் ஒரு சந்ததி தரும், 30 பாகை தொடர்ந்து இருந்தால் ஆண் ஈக்கள் மலடாகும். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் எத்தனை பாகையில் நிற்கும் என்பது தெரிந்ததே. குளிரூட்டி இல்லாவிட்டால் மணியே நல்லது.

ஹாடி–வைன்பேர்க்குக்கு அதே முட்டி போதும். எடுப்புகளை வரிசைப்படி இரண்டிரண்டாகச் சேர்த்தால் உயிரிகள்: முதலாவதும் இரண்டாவதும் ஒன்று, மூன்றாவதும் நான்காவதும் அடுத்தது. பத்து உயிரியில் கைவர்க்கச் சோதனை செய்யாதீர்கள். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5 க்குக் கீழே போய்விடும். மீடிறனை மாற்றாமல் அதே முட்டியில் 80 எடுப்பு எடுத்து 40 உயிரி சேருங்கள். பரீட்சை விடைத்தாள்களில் மூன்று வகுப்பு இருப்பதால் சுயாதீனப் படி 2 என்று எழுதி 5.99 உடன் ஒப்பிடுவதைக் காணலாம். மீடிறனையே தரவிலிருந்து மதிப்பிட்டிருந்தால் ஒன்று கழியும். படி 1, எல்லை 3.84.

கலக்காத முட்டி எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதை வேண்டுமென்றே செய்து பாருங்கள். அடியில் சிவப்பு 40, வெள்ளை 10. மேலே சிவப்பு 10, வெள்ளை 40. குலுக்காமல், ஒரு சோடியை அடியிலிருந்தும் அடுத்த சோடியை மேலேயிருந்தும் எடுத்து, ஒவ்வொரு மணியையும் அதன் அடுக்கிலேயே திருப்பி வையுங்கள். மொத்த மீடிறன் 0.5, ஆகவே இதரநுகம் (சிவப்பு–வெள்ளைச் சோடி) பாதி வர வேண்டும். வருவது 0.32. எதிருரு எதுவும் தொலையவில்லை. ஒவ்வொரு அடுக்கும் தனக்குள் சமநிலையில்தான் இருக்கிறது. இரண்டு குடித்தொகையை ஒன்றென்று எண்ணிக் கணக்குப் பார்த்ததால் வந்த பற்றாக்குறை இது. ஸ்டென் வாலுண்ட் 1928 இல் விளக்கியது. வெளிக்களத் தரவில் இதரநுகம் குறைந்தால் உடனே உள்ளகக் கலப்பு (உறவுக்குள் இனப்பெருக்கம்) என்று எழுதிவிடுகிறோம். அதற்கு முன் மாதிரியை எங்கெங்கே எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

எட்டு முட்டிக்கும் தீவுகளின் பெயரை வைத்துவிட்டால் அடுத்த ஓட்டம் சுவையாக இருக்கும். தரையால் போகக்கூடிய நான்கு: மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர். கடல் தாண்ட வேண்டிய நான்கு: நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. கடல் முட்டிகள் முன்போலவே தனித்து ஓடட்டும். தரை முட்டிகளில் 18 எடுப்பு சொந்த முட்டியில், கடைசி 2 மற்ற மூன்றில் ஒன்றிலிருந்து. எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். சந்ததிக்கு ஒரேயொரு குடிவரவாளர். கடல் முட்டிகளுக்கிடையிலான வேறுபாட்டுச் சுட்டி (எல்லாம் ஒரே மாதிரி என்றால் 0, ஒவ்வொன்றும் ஒரே நிறமாகிவிட்டால் 1) 20 சந்ததியில் 0.64 வரை ஏறும். தரை முட்டிகளில் அது 0.12 அளவில் நின்றுவிடும்; தீவுகள் மிகப் பலவாக இருந்தால் 0.2. முட்டியில் 10 உயிரி இருந்தாலும் 1000 இருந்தாலும் ஒரே ஆள் வந்தால் இதே பெறுமானம் என்பதுதான் விசித்திரம்: பெரிய குடித்தொகையில் ஒருவரின் பங்கு சிறிது, ஆனால் அங்கே நகர்வும் அந்த அளவுக்கு மெதுவானது. இந்த ஓட்டத்தில் பிழை வரும் இடம் ஒன்றே: நான்கு முட்டியிலும் எடுப்பு முடியும் முன்னர் ஒன்றையும் புதுப்பிக்கக்கூடாது. வேலணையைப் புதுப்பித்துவிட்டுப் புங்குடுதீவுக்கு அங்கிருந்து எடுத்தால், பிள்ளைகளின் சந்ததியிலிருந்து தாய் தகப்பன் வந்த கதை.

நெடுந்தீவு என்றதும் குதிரை நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவையென்று சொல்லப்படும் அவை, கடல் சூழ்ந்து கட்டாக்காலியாகத் திரிபவை. குதிரையில் ஒரு கடுவன் பல பெட்டைகளை வைத்துக்கொள்ளும். கணக்குக்காக 5 கடுவன், 35 பெட்டை என்று கொள்வோம். தலை எண்ணினால் 40. பயனுறு குடித்தொகை அளவு, அதாவது இதே வேகத்தில் நகரும் சமபங்குக் குடித்தொகையின் அளவு, 4 × 5 × 35 ஐ 40 ஆல் வகுத்தது: 17.5. இரண்டே கடுவன் 38 பெட்டையை வைத்திருந்தால் 7.6. நாற்பதும் சமமாகப் பங்களித்தால் சந்ததிக்கு 1.25 சதவீதம் இழக்கும் பன்மை, முதலாவது நிலையில் 2.9, இரண்டாவதில் 6.6 சதவீதமாகிறது. முட்டியில் செய்ய, கடுவனுக்கு 10 மணி, பெட்டைக்கு 70 மணி எனத் தனித்தனி முட்டி. குட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மணி எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். 40 குட்டி ஆனதும் முதல் 5 சோடி கடுவன் முட்டிக்கு, மிச்சம் பெட்டை முட்டிக்கு. கடுவன் முட்டி தாறுமாறாகத் துள்ளும். அது பெட்டை முட்டியையும் இழுத்துக்கொண்டு போகும்.

கடைசியாக, பின்னிடைவான உயிர்கொல்லி எதிருரு: இரண்டு பிரதி சேர்ந்தால்தான் கொல்லும். வெள்ளை–வெள்ளைச் சோடி வந்தால் கழித்து, பத்து உயிரி தப்பும்வரை தொடர்ந்து எடுங்கள். கழித்த இடத்தை நிரப்பாமல் விட்டால் குடித்தொகை சுருங்கி நகர்வும் சேர்ந்து கூடும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. தாளில் போட்டால் வெள்ளையின் மீடிறன் 1/2, 1/3, 1/4, 1/5 என்று இறங்கும். முதலில் வேகம், 0.5 இலிருந்து 0.1 க்கு 8 சந்ததி. பிறகு இழுபடும்: 0.1 இலிருந்து 0.05 க்கு 10 சந்ததி, அங்கிருந்து 0.01 க்கு 80. அந்த 0.01 இல் நோயாளி பத்தாயிரத்தில் ஒருவர், காவிகள் (ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள்) ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர். எதிருரு காவிகளுக்குள் ஒளிந்திருப்பதால் தேர்வின் கையில் அகப்படுவதில்லை. முட்டியில் இந்த வால் பகுதியைக் காண முடியாது. 20 எடுப்பில் 0.05 என்றால் ஒரேயொரு வெள்ளை. அடுத்த சந்ததியில் அது வராமலே போகும் நிகழ்தகவு 36 சதவீதத்துக்குக் குறையாது. 80 சந்ததி காத்திருப்பதாக எழுதிய சமன்பாட்டுக்கு முன்னால் முட்டி சில சந்ததியில் சிவப்பாகிவிடும். வாலைக் காட்ட வேண்டுமானால் அந்தப் பகுதிக்கு மட்டும் கடதாசியில் கணியுங்கள்; முட்டியில்தான் வேண்டும் என்றால் சந்ததிக்குக் குறைந்தது 200 எடுப்பு.